பயிற்சிச் செலவுக்கு வரிக்கழிவு மறுக்கப்பட்டால்: முறையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணகுடிப் பக்கம் காற்றாலையில் பணியாற்றும் தொழில்நுட்பர் ஒருவர், உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தம் கைப்பணத்தைச் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் பல் மருத்துவர் ஒருவரும் புதிய சிகிச்சை முறையைக் கற்கச் சென்னைக்குப் போய் ஒரு வாரம் தங்கி வருகிறார். இருவரும் வருமான வரிக் கணக்கில் அச்செலவைக் கழித்துக் காட்ட, இருவருக்கும் அது மறுக்கப்படுகிறது. மருத்துவருக்கு முறையிட நல்ல முகாந்திரம் இருக்கிறது. தொழில்நுட்பருக்கு அநேகமாக இல்லை. தாம் இவ்விருவரில் யார் என்று பாராமலேயே முறையிடக் கிளம்புவதுதான் நம் பக்கத்தில் மிகுதியாக நடக்கும் தவறு.

சம்பளக்காரர்களுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 16இன்படி நிலையான கழிவு உண்டு. வரியைக் கணக்கிட உள்ள இரு முறைகளில், பழைய முறையில் அது 50,000 ரூபாய். புதிய முறையில், 2024-25 நிதியாண்டிலிருந்து, 75,000 ரூபாய். உண்மையில் எவ்வளவு செலவானாலும் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் சொந்தப் பயிற்சிச் செலவைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் பயிற்சியை ஊக்குவிக்க முதலாளி வழங்கும் படிக்குப் பிரிவு 10(14)இன் கீழ், பழைய முறையில், செலவழித்த அளவுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது முதலாளி கொடுத்த படியாக இருந்தாக வேண்டும். இந்நிலையில் இருப்பவர் மேல்முறையீட்டுக்குச் செலவிடும் நேரத்தில், அடுத்த பயிற்சிக் கட்டணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்துமாறு கேட்டுக்கொள்வது பயன் தரும்.

பிரிவு மாற்றிக் காட்டுவதும் பரவலாக நடக்கிறது. 80-சியில் வரும் கல்விக் கட்டணம் பிள்ளைகளின் முழுநேரப் படிப்புக்கு உரியது. தாம் படித்ததற்கு அது பொருந்தாது. 80-இ சொந்த உயர்கல்விக்கும் பொருந்தும், ஆனால் கடனின் வட்டிக்கு மட்டுமே. அசலையும் சேர்த்துக் காட்டியவர்களுக்கும், உறவினரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி காட்டியவர்களுக்கும் மறுப்பு வந்தால் வியப்பில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: புதிய முறையில் 80-சியும் இல்லை, 80-இயும் இல்லை. கெடு தேதிக்குப் பிறகு தாக்கல் செய்தவரின் கணக்கு தானாகவே புதிய முறைக்குப் போய்விடும் என்பதால், கழிவு மறுக்கப்பட்டதற்குக் காரணம் பயிற்சியா தாமதமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மருத்துவர், வழக்கறிஞர், சிறுதொழில் நடத்துவோர் ஆகியோருக்குப் பிரிவு 37(1) உதவும். செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக ஆனதாகவும், சொந்தச் செலவாகவோ மூலதனச் செலவாகவோ இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. இங்கே தோற்பவர்களில் பலர் பயிற்சியின் பெருமையை விரித்து எழுதிவிட்டு, அது ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பாடத்திட்டம், சான்றிதழ், கட்டண ரசீது, அதன்பின் அச்சிகிச்சையை அளிக்கத் தொடங்கியதைக் காட்டும் பதிவு ஆகியவை பக்கம் பக்கமான விளக்கத்தைவிட வலுவானவை. நெல்லை எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு போய் வந்து, நான்கு பேரின் டிக்கெட்டையும் பயிற்சிப் பயணம் என்று காட்டினால், நியாயமான ஒரு டிக்கெட்டின் மீதும் சந்தேகம் விழும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கட்டணம், விதிவிலக்குகள் நீங்கலாக, பிரிவு 40-ஏ(3)இன்படி கழிவு பெறாது. செலவுக் கணக்கு காட்டாமல் வருமானத்தை மதிப்பிடும் 44-ஏடிஏ முறையில் வரவில் பாதியை இலாபமாகக் காட்டியவர் தனியே எந்தச் செலவையும் கோர முடியாது. மீதிப் பாதிக்குள் எல்லாம் அடக்கம்.

தகுதியான கோரிக்கைகூடக் கெடுவைத் தவறவிடுவதால் வீணாகிறது. பிரிவு 143(1)இன் கீழ் கழிவை நீக்குமுன் துறை அறிவிப்பு அனுப்பி 30 நாள் அவகாசம் தருகிறது. கணக்கைத் தாக்கல் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் அண்ணாச்சியின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டலில் பதிவாகியிருந்தால், அந்த அறிவிப்பு அவருக்குப் போய்ச் சேரும். உரியவருக்குத் தெரியவரும்போது ஆணையே வந்திருக்கும். ஆகவே இன்றே உள்நுழைந்து அவ்விரண்டையும் மாற்றிவிடுங்கள்.

ஆணை வந்தபின், திருத்த மனுவையும் மேல்முறையீட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிரிவு 154இன் கீழான திருத்தம், பதிவேட்டைப் பார்த்ததுமே புலப்படும் பிழைக்கு உரியது; ஆணை பிறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. செலவு தொழிலுக்கானதா என்ற வாதம் அதில் எடுபடாது. அதற்கு ஆணையர் (மேல்முறையீடு) முன் 30 நாளுக்குள் படிவம் 35 தாக்கல் செய்ய வேண்டும். நான்கு ஆண்டு இருக்கிறதே என்று திருத்த மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்த 30 நாளைக் கோட்டை விடுகிறார்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம், ஆனால் காரணத்துக்குச் சான்று வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காகிதங்கள் போயின என்பது உண்மையாகவே இருந்தாலும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு ஏதேனும் ஆதாரத்தை இணைத்தாக வேண்டும்.

படிவம் 35இல் நிகழ்வுகளுக்கு 1,000 சொல், ஒவ்வொரு முறையீட்டுக் காரணத்துக்கும் 100 சொல் என்பது வரம்பு. துறையின் மீதான மனக்குறைக்கு அதில் இடம் ஒதுக்குவது வீண். முன்பு காட்டாத ஆவணத்தை இப்போது சேர்ப்பதானால், விதி 46-ஏயின்படி ஏன் அப்போது தர இயலவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாமே ஒப்புக்கொண்ட வருமானத்துக்கான வரியைச் செலுத்தியிருக்க வேண்டும். முறையீடு செய்துவிட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. அதை நிறுத்திவைக்கத் தனியே மனுச் செய்ய வேண்டும், பொதுவாகக் கேட்கப்பட்ட வரியில் 20 விழுக்காட்டைக் கட்டச் சொல்வார்கள். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கழிவுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளையே காட்ட வேண்டும்.

கணக்குப் பார்க்காமல் வீம்புக்கு முறையிடுவதும் உண்டு. பழைய முறையில் ஒன்பது இலட்சம் வருமானமுள்ள ஒருவருக்கு 18,000 ரூபாய்ப் பயிற்சிச் செலவு மறுக்கப்பட்டால், 20 விழுக்காட்டு வரியும் அதன்மேல் 4 விழுக்காட்டுத் தீர்வையும் சேர்த்து, போவது 3,744 ரூபாய். முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், ஆடிட்டருக்குக் கொடுப்பது தனி. அங்கே தோற்றுச் சென்னையிலுள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், கட்டணம் வருமானத்தில் 1 விழுக்காடு, அதாவது 9,000 ரூபாய். அந்த ஒரு செலவுக்காக மட்டும் போகிறவருக்கு, வென்றாலும் கைநட்டம்தான்.