புது வேட்டி இடுப்பில் நிற்க

கல்யாணத்துக்கு வாங்கிய புது கசவு (சரிகைக் கரை) வேட்டியை இரண்டு நாள் முன்பே வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போட்டு, கரைமேல் மெல்லிய துணி ஒன்றை விரித்து இஸ்திரி போட்டு வையுங்கள். பெல்ட் வேண்டாம், இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த ஒட்டிக்கோ வேட்டிக்குத் தனியாகக் காசும் வேண்டாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம்காரர்கள் களியக்காவிளை தாண்டிக் கேரளத்து நெசவு ஊரான பாலராமபுரம் போய் எடுத்துவரும் கைத்தறி வேட்டியில் பாவு நூலுக்கு (நீளவாக்கில் ஓடும் நூல்) நெய்யும்போது போட்ட கஞ்சி அப்படியே இருக்கும், அந்த விறைப்பில்தான் துணி வழுக்கும், கொசுவம் பொம்மிக்கொண்டு நிற்கும், பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் மடித்துச் செருகியது தளரும். கஞ்சி கொஞ்சம் கரைந்துவிட்டால் பருத்தி பருத்தியைக் கவ்விக்கொள்ளும். சரிகையில் நேரடிச் சூடு மட்டும் படக்கூடாது, மங்கிவிடும்.

பட்டு வேட்டிக்கு இது ஆகாது, தண்ணீரையே காட்டாதீர்கள். நிறக் கரை என்றால் முதலில் ஈரத்துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். அப்புறம், ஏற்கனவே துவைத்துக் கட்டிய பழைய வேட்டிக்கு இந்த வேலையே தேவையில்லை, என்னைக் கேட்டால் கல்யாணத்துக்கு அதுவே போதும், மாப்பிள்ளையைத் தவிர.