சீனப் புலம்பெயர் நாவல்களில் தாயையும் மகளையும் வாசிப்பது எப்படி?

சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பங்களைப் பற்றிய ஒரு நாவலை யாழ்ப்பாணத்து வாசகர் கையில் எடுத்தால், சில பக்கங்களுக்குள்ளேயே "இது எங்கடை வீட்டுக் கதைதானே" என்று தோன்றிவிடும். தாய் கொக்குவிலிலும் மகள் கனடாவின் ஸ்காபரோவிலுமாக வாழும் வீடுகள் நிறைந்த ஊரில் அந்த எண்ணம் எழுவது இயல்பு. ஆயினும் அந்த எண்ணத்தோடு நின்றுவிடும் வாசிப்பு இந்த நூல்களின் சாரத்தைத் தொடாது. தாய் எதைச் சொல்லாமல் விட்டாள், ஏன் விட்டாள் என்ற கேள்வியே இவற்றின் உயிர்நாடி. அதற்கான விடை பெரும்பாலும் சீனாவின் போர்க்காலத்திலும் அமெரிக்காவின் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. அதனால் வாசகர் வட்டமாகக் கூடினாலும் தாயும் மகளுமாக வீட்டில் வாசித்தாலும், முதலில் அரைமணி நேரத்தை வரலாற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அந்த வரலாற்றில் நான்கைந்து ஆண்டுகளை நினைவில் வைத்தால் போதும். 1875 இல் வந்த சட்டம் நடைமுறையில் சீனப் பெண்களுக்கே அமெரிக்காவின் கதவை அடைத்தது. 1882 இல் சீனத் தொழிலாளரின் வருகை தடைசெய்யப்பட்டது. 1943 இல் அந்தத் தடை நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேர் என்ற ஒதுக்கீடே கிடைத்தது. வாசல் உண்மையாகத் திறந்தது 1965 இன் குடிவரவுச் சட்டத்தோடுதான். இடையில், 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தையடுத்து மூண்ட தீயில் நகரின் பதிவேடுகள் எரிந்துபோக, அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்று உரிமை கோரிய ஆண்கள் சிலர், உறவில்லாத இளைஞர்களைத் தம் பிள்ளைகளாகக் காகிதத்தில் காட்டி அழைத்தார்கள். அப்படி வந்தவர்களின் வீடுகளில் உண்மைப் பெயரைச் சொல்வதே ஆபத்தாக இருந்தது. கதையில் ஒரு தாய் "வெளியில் சொல்லாதே" என்று மகளை எச்சரிக்கும் இடம் வரும்போது, அவளைப் பழமைவாதி என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

தொடங்குவதற்கு ஏமி டான் எழுதி 1989 இல் வெளிவந்த 'த ஜோய் லக் கிளப்' பொருத்தமானது. நான்கு தாய்மாரும் நான்கு மகள்மாரும் வரும் பதினாறு கதைகள் அதில் உள்ளன; ஒருவரோடு ஒருவர் குழம்பிப்போகும் அபாயம் இருப்பதால், ஒரு தாளில் எந்த மகள் எந்தத் தாய்க்குரியவள் என்று எழுதி அருகில் வைத்துக்கொள்வது நல்லது. வாசிக்கும்போது கதைசொல்லி யார் என்பதை ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் குறியுங்கள். மகள் கதை சொல்லும் பகுதிகளில் தாயின் ஆங்கிலம் தடுமாறுகிறது, அவளுடைய கட்டளைகள் விளங்காதவையாகத் தெரிகின்றன. அதே தாய் தன் கதையைத் தானே சொல்லும்போது அவளுடைய பேச்சு தெளிந்து, நினைவும் துக்கமும் தந்திரமும் நிறைந்த ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து உரத்து வாசிக்கச் செய்யுங்கள். எந்த விளக்கவுரையும் செய்ய முடியாததை அந்த ஒரு பயிற்சி செய்துவிடும்.

அந்நூலின் முதற்கதையில் ஓர் இடத்தில் கட்டாயம் நின்று பேசுங்கள். தாய் இறந்தபின், தோழிகள் கூடி மாஜொங் என்ற சீனக் காய் விளையாட்டை ஆடும் மேசையில் அவளுடைய இடத்தில் மகள் அமர்கிறாள். ஜப்பானியர் படையெடுத்த போர்க்காலத்தில் சீனாவின் குவெய்லின் நகரிலிருந்து தப்பியோடிய வழியில் தாய் விட்டுவர நேர்ந்த இரட்டைக் குழந்தைகள் சீனாவில் உயிரோடு வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள் என்றும், அவர்களிடம் போய் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றும் தாயின் தோழிகள் அவளிடம் கூறுகிறார்கள். அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று அவள் திகைக்க, அந்தப் பெண்கள் அஞ்சிப்போகிறார்கள்; தங்கள் மகள்மாரும் தங்களைப் பற்றி இதையேதான் சொல்வார்கள் என்பது அவர்களுக்கு அப்போது உறைக்கிறது. பண்பாட்டு அடையாளம் என்று நாம் பெரிய சொற்களில் பேசுவது இங்கே மிகச் சிறியதொரு கேள்வியாகச் சுருங்குகிறது: உன் தாயைப் பற்றி நீ மற்றவருக்கு என்ன சொல்வாய்?

இனி, நம்முடைய வாசகர்கள் அதிகம் தவறும் இடத்துக்கு வருகிறேன். ஒற்றுமைகளைத் தேடுவது சுலபம். வேற்றுமைகளை எழுதச் சொல்லுங்கள். ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி நம் ஊரில் தாய்வழிச் சொத்து சீதனமாக மகளுக்குப் போகிறது. பல குடும்பங்களில் வீடே மகளுக்கு எழுதப்படுவதால், கலியாணம் முடிந்த பின்னும் தாயும் மகளும் ஒரே வளவில் வாழ்வது இங்கே வழக்கம். ஏமி டானின் தாய்மாரில் ஒருத்தியான லிண்டோ வளர்ந்த சீனக் கிராமத்திலோ, அவள் இரண்டு வயதில் நிச்சயிக்கப்பட்டு, பன்னிரண்டு வயதில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அதற்கு முன்பே அவளுடைய தாய் அவளை வேறொருவரின் பிள்ளையைப் போல நடத்தத் தொடங்கிவிடுகிறாள். ஆகவே அந்தத் தாய்மார் கடலைக் கடப்பதற்கு முன்னரே ஒருமுறை தாயை இழந்தவர்கள். நமக்குப் பெரும்பாலும் வெளிநாடுதான் தாயையும் மகளையும் பிரித்தது; அவர்களுக்கு முதற்பிரிவைச் செய்தது உள்ளூர்க் குடும்ப முறை. அமெரிக்காவில் பிறந்த மகளை அவர்கள் அத்தனை இறுக்கமாகப் பற்றிக்கொள்வதன் காரணம் இந்த வேற்றுமையைக் கவனித்தவருக்குத்தான் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது நூலாக மேக்ஸின் ஹொங் கிங்ஸ்ரனின் 'த வுமன் வொறியர்' (1976) இருக்கட்டும். அதன் தொடக்கத்தில் தாய் மகளுக்கு ஓர் இரகசியம் சொல்கிறாள்: கணவன் அமெரிக்காவில் இருந்த காலத்தில் கருவுற்ற அத்தை ஒருத்தி, ஊரார் வீட்டை அடித்து நொறுக்கிய இரவில் பிள்ளையைப் பெற்று, அதோடு கிணற்றில் விழுந்து இறந்தாள், அவளுடைய பெயரைக் குடும்பம் அழித்துவிட்டது. தாய் சொன்னது சில பக்கங்களே. மீதியை மகள் ஊகிக்கிறாள்: ஒருவேளை பலவந்தமாக இருக்கலாம், ஒருவேளை காதலாக இருக்கலாம். பென்சிலால் கோடிட்டு, தாய் சொன்னவற்றையும் மகள் கற்பனை செய்தவற்றையும் பிரியுங்கள். ஆண்கள் மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போக, பெண்கள் ஆண்டுக்கணக்காக ஊரில் காத்திருந்த ஒரு தலைமுறை நம் கிராமங்களிலும் இருந்தது. அந்தத் தலைமுறையின் பேசப்படாத பெண்களைப் பற்றி அம்மம்மாமார் அறிந்தது எவ்வளவோ இருக்கும்.

அந்நூலில் வரும் சீனப் பழங்கதைகளை அப்படியே சீனப் பண்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலான் என்ற பெண் வீராங்கனையின் முதுகில் பெற்றோர் சொற்களைப் பொறிக்கும் காட்சி மரபில் யுவெ ஃபெய் என்ற தளபதிக்கும் அவருடைய தாய்க்கும் உரியது; கிங்ஸ்ரன் அதை மூலானுக்குக் கொடுத்தார். இத்தகைய மாற்றங்களை ஃபிராங்க் சின் என்ற எழுத்தாளர் 1991 இல் எழுதிய கட்டுரையில் கடுமையாகச் சாடி, ஏமி டானையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டினார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. இருந்தும், தாய் அரைகுறையாகச் சொன்ன கதையை மகள் தனக்கு வேண்டியபடி தைத்துக்கொள்வதும் பண்பாடு கைமாறும் வழிகளில் ஒன்றென்பதால், நான் கிங்ஸ்ரனின் பக்கமே சாய்கிறேன். இந்த விவாதத்தை வட்டத்தில் முழுமையாக நடத்துங்கள். முடிவு எட்டாவிட்டாலும் பரவாயில்லை.

தாயும் மகளும் சேர்ந்து வாசிக்கும் கூட்டமென்றால் சில ஒழுங்குகள் தேவை. ஆங்கிலம் வராத தாய்க்கு மகள் கதையைத் தமிழில் சொல்லட்டும். தாய் இடைமறித்துக் கேட்கும் கேள்விகளை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். பாத்திரத்தைப் பற்றிய கேள்வியோடு நின்றுகொள்ளுங்கள்: "இந்த அம்மா ஏன் இவ்வளவு காலம் சொல்லேல்லை எண்டு நினைக்கிறியள்?" குழந்தைகளை வழியில் விட்டுச்செல்லும் அத்தியாயம் 1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்களின் மனதில் எதைக் கிளறும் என்று நமக்குத் தெரியாது. அந்தப் பகுதியை முன்கூட்டியே அறிவித்து, விரும்பாதவர் எழுந்து போகவும் வழிவிட்டு வாசியுங்கள். ஒரு தாய் தன் அனுபவத்தைத் தானாகச் சொன்னால் கேளுங்கள். கூட்டத்தின் நடுவே தூண்டித் துருவ வேண்டாம். தனிமையில் மகள் கேட்பதற்கு நாளும் இடமும் வேறு.

இறுதியாக ஃபே மயென் இங்கின் 'போன்' (1993) நாவலைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று மகள்மாரில் ஒருத்தி தற்கொலை செய்துகொண்ட பின் தொடங்கிக் காலத்தில் பின்னோக்கிச் செல்வதால், அதற்கு முதல் இரண்டு நூல்களை விடக் கூடிய பொறுமை வேண்டும். அதில் காகிதத்தால் மகனாகி வந்த வளர்ப்புத் தந்தையின் பெட்டியைத் திறந்து, அவர் சேர்த்துவைத்த பழைய தாள்களை மூத்த மகள் கிளறிப் பார்க்கும் பகுதியை வாசித்த கிழமையில், வீட்டு அலுமாரியில் உள்ள கோவையிலிருந்து ஒரேயொரு கடிதத்தையோ படத்தையோ பத்திரத்தையோ தாயின் சம்மதத்தோடு எடுத்துவரும்படி ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அதில் உள்ள திகதி, ஊர், பெயர் மூன்றையும் தாய் சொல்ல மகள் எழுதட்டும்.