பழைய கார்னெட்டுக்கு மவுத்பீஸ் பொருத்த ஒரு காகிதத் துண்டு

பழைய கார்னெட்டுக்கு (டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவி) மவுத்பீஸ், அதாவது உதடு வைத்து ஊதும் முனை, வாங்கும்போது சந்தேகம் இருந்தால், ஷேங்க் (கருவியின் குழாய்க்குள் செருகும் தண்டு) மெலிந்ததையே வாங்குங்கள். அது அளவுக்கு மீறி உள்ளே போனாலோ ஆடினாலோ, மெல்லிய காகிதப் பட்டையை ஷேங்கில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகி ஊதிப் பாருங்கள். பிறகு இன்னொரு சுற்று. சுரங்கள் தானாக வந்து நிற்கும் இடம் சட்டென்று புலப்படும்.

மவுத்பீஸ் நுனிக்கும் குழாயின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் மாறினாலே மேல்சுரமும் கீழ்சுரமும் ஒன்றோடொன்று சேராமல் போகும். மெலிந்த ஷேங்கைக் காகிதம் தடிப்பாக்கிவிடும். தடித்ததை மெலிதாக்க லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இன்றைய மவுத்பீஸ் பல பழைய கார்னெட்டுகளில் பாதியிலேயே நின்றுவிடுவதும் இந்தத் தடிப்பால்தான்.

மவுத்பீஸின் கப் (உதடு படும் கிண்ணம்) ஆழமாக, புனல்போல் சரிந்திருக்கட்டும். அந்தக் காலக் கார்னெட்டுகள் அப்படிப்பட்ட கப்பை நம்பியே செய்யப்பட்டவை. டிரம்பெட் பாணியில் ஆழம் குறைந்த கப்பைப் போட்டால் அந்த இதமான நாதம் போய்விடும், அது பெரிய இழப்பு.

வால்வில் காற்று கசிந்தால் இது உதவாது. கருவி உயர்சுருதியில் (இன்றைய சுருதியைவிட உயர்ந்த பழைய சுருதி) செய்யப்பட்டிருந்தாலும் அப்படியே. பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை அந்தச் சுருதியில்தான் வாசித்தன. அமெரிக்கக் கருவிகளில் ‘ஹெச்.பி.’ (ஹை பிட்ச், அதாவது உயர்சுருதி) என்ற முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.