வெளிநாட்டில் ஊர்ப் பண்டிகைச் சாப்பாடு: பார்த்துச் சலித்த பிழைகள்

கூழும் கொழுக்கட்டையும் செய்யும் ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் இரவு என் தொலைபேசி ஓயாது. "மாமி, கூழ் கட்டி பட்டுட்டுது, என்ன செய்யிறது?" என்று ஒரு மருமகள் கேட்பாள். அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி பாரிஸிலிருந்து எடுப்பாள். லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் வன்னியில், முல்லைத்தீவுப் பக்கம் உள்ள முள்ளியவளைக்குத் திரும்பி வந்தவள் நான். விடுமுறைக்கு வரும் சொந்தக்காரருக்கு அரிசி மா வறுத்துக் கொடுப்பதும், அவர்கள் போனபின் வீடியோவில் பதம் சொல்வதும் இப்போது என் பொழுதைப் பாதி தின்கிறது. புதிதாகக் குடிபோன இந்தப் பிள்ளைகள் விடும் பிழைகள், எங்கள் தலைமுறை ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் விட்ட அதே பிழைகள்தான். ஒன்றுகூடப் புதிது இல்லை.

உப்புக் கூடியது, அடிப்பிடித்தது, பாகு முற்றியது எல்லாம் இங்கே வராது. அவை கை சுட்டால் தானாகத் திருந்தும். ஒரு வீட்டில் ஒரு பலகாரத்தையே இல்லாமல் ஆக்கிவிடும் பிழைகளைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்மாவிடம் கிராம் கணக்குக் கேட்பது

"எத்தனை கிராம் பயறு அம்மா?" "பார்த்துப் போடு பிள்ளை." இந்த உரையாடல் எந்த நாட்டிலிருந்து நடந்தாலும் இதற்குமேல் போவதில்லை. அம்மாவின் அளவு அவருடைய குசினியில் இருக்கும் பழைய பால்பேணியிலும் உள்ளங்கையிலும் இருக்கிறது. அதைத் தொலைபேசியில் வாங்க முடியாது.

அடுத்தமுறை ஊருக்கு வரும்போது ஒரு சின்னச் சமையல் தராசு கொண்டு வாருங்கள். அம்மா வழக்கம்போல அள்ளட்டும். பானைக்குள் போகுமுன் அது தராசுக்குப் போகட்டும். அரிசி, பயறு, மா எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். ஒரே பேணி நிறைய அரிசியும் மாவும் ஒரே நிறை வராது.

அப்படி எழுதிக்கொண்டு போனவர்களும் ஓரிடத்தில் சறுக்குவார்கள். அது தண்ணீர். வன்னியில் காலபோக நெல் அறுவடை தை, மாசியில் நடக்கும். தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கும் (அறுவடையின் முதல் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும்) வீட்டில் அன்று உலையில் விழுவது புது நெல்லரிசி. புது அரிசி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், சீக்கிரம் குழையும். வெளிநாட்டுக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய அரிசி. அம்மா புக்கைக்கு (பொங்கலுக்கு) வைத்த தண்ணீரை அதற்கு வைத்தால் அரிசி நடுவில் கல்லாக நிற்கும். அளவைக் கொண்டு போங்கள். தண்ணீரை மட்டும் அங்கே போய் முதலில் ஒரு கைப்பிடி அரிசியில் பரீட்சித்துப் பாருங்கள்.

சூடாறாத மாவைப் பொதி கட்டுவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆகஸ்டும் யாரோ ஒருவர் இந்தப் பிழையை விட்டு எனக்குக் கோபம் வரப் பண்ணுகிறார்கள்.

நடப்பது இப்படி. மூன்று கிழமை விடுமுறையில் வருவார்கள். மடுவுக்கும் நல்லூருக்கும் திருகோணமலைக்கும் போய், எல்லாச் சொந்தங்களையும் பார்த்து முடித்து, இரவு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் வெளிக்கிடும் நாளன்று காலையில், "மாமி, எட்டுக் கிலோ மா வறுத்துத் தருவீங்களோ?" என்பார்கள். மா என்றால் கடையில் பையை எடுத்து நீட்டுகிற சாமான் என்ற நினைப்பு.

வேலையைக் கணக்குப் பாருங்கள். பச்சையரிசியைக் கழுவி ஊறவைக்க வேண்டும். வடித்து, ஈரம் துவள விட்டு, மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். (உரலில் இடித்த மாதான் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் உரலும் இல்லை, உலக்கையும் இல்லை. மில்லுக்குப் போய் வரிசையில் நிற்பதுதான் இப்போது இங்கேயும் வழக்கம்.) அரைத்து வந்த ஈரமாவை அரிதட்டில் அரித்து, விறகடுப்பில் பெரிய தாச்சி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கை ஓயாமல் வறுக்க வேண்டும். தீ கூடினால் நிறம் மாறிவிடும், இடியப்பம் கசக்கும். தீ குறைந்தால் ஈரம் போகாது. ஆவி அடங்கி, மா அகப்பையிலிருந்து மணல்போல வழுக்கி விழ வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போடுவதுபோல் நிலத்தில் இழுத்தால் கோடு அறாமல் விழ வேண்டும். அதுதான் பதம்.

இத்தனையும் முடிய அன்று பின்னேரம் ஆகிவிடும். வான்காரர் ஒன்பது மணிக்கு வந்து ஹோர்ன் அடிப்பார். இடையில் உள்ள நேரத்தில் மாவைத் தொட்டுப் பார்த்து, "ஆறிட்டுது மாமி" என்று சொல்லி, இரட்டைப் பொலித்தீன் பையில் கொட்டி, காற்றுப் போகாமல் டேப் சுற்றிவிடுவார்கள்.

ஆறவில்லை. குவியலின் ஓரம்தான் ஆறியிருக்கிறது. நடுவில் கையைச் செருகிப் பார்த்தால் வெதுவெதுப்பு இருக்கும். அந்தச் சூட்டோடு கொஞ்ச ஆவியும் உள்ளே இருக்கிறது. பையை இறுக்கிக் கட்டினால் அது வெளியே போகாது. விமானத்தின் சாமான் அறைக் குளிரில் பையின் உட்பக்கம் வியர்த்து நீராகி, அந்த நீரை மா குடித்துவிடும். லண்டனில் இறங்கும்போது பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சூட்கேஸிலிருந்து எடுத்துக் குசினித் தட்டில் வைப்பார்கள். தீபாவளிக்குத் திறக்கும்போதுதான் கட்டி கட்டியாக, சாம்பல் பச்சைப் புள்ளியோடு, ஈரச் சாக்கு மணத்தோடு வரும்.

ஹாரோவில் இருக்கும் என் மருமகள் ஒருத்தி அப்படித்தான் வீடியோவில் வந்தாள். "மாமி, உங்கட மில் துப்புரவில்லைப் போல." எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வறுத்த கை என்னுடையது, அவசரம் அவளுடையது, பழி மில்காரருக்கு. இன்னும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருந்தால் அந்த மா அடுத்த ஆடி வரைக்கும் இருந்திருக்கும்.

எட்டுக் கிலோ மா போனதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நட்டம். ஊர் மா சரிவராது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். கடையில் வறுக்காத அரிசி மா ஒன்றை வாங்கிக் கொழுக்கட்டை பிடித்தாள். அவிக்கும்போது வெடித்துப் பயறும் சர்க்கரையும் வெளியே வந்துவிட்டன. அடுத்த ஆடிக்குக் கொழுக்கட்டை இல்லை, கூழ் மட்டும். அதற்கடுத்த ஆடிக்குக் கூழும் இல்லை. பண்டிகைச் சாப்பாடு ஒரு வீட்டில் நின்றுபோவது பெரும்பாலும் மறதியால் அல்ல. ஏதோ ஒருமுறை பிழைத்துப் போயிருக்கும். ஏன் பிழைத்தது என்று ஒருவரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? வந்த முதல் கிழமையே மாவை முடித்துவிடுங்கள், ஊர் சுற்றுவது பிறகு இருக்கட்டும். வறுத்த மாவைத் துணியில் மெல்லிசாகப் பரப்பி, இரவு முழுக்க ஆற விட்டு, காலையில் இன்னொருமுறை அரித்துவிட்டுக் கட்டுங்கள். மார்கழி மழைக்குள் வருகிறவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. மழைக்காற்றில் திறந்து வைத்த வறுத்த மா ஈரத்தை இழுக்கும். அப்போது அகலமான சட்டிகளில் பிரித்துப் போட்டு, துணியால் மூடி, அடுப்படிக்குப் பக்கத்திலேயே ஆற விட வேண்டும்.

ஆறிவிட்டதா என்று சந்தேகமா? குவியலின் நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். போத்தலின் உட்பக்கம் மங்கினால் கட்டாதீர்கள். இதைச் செய்து பார்க்கச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அங்கே போனபின் ஒரு கிலோப் பைகளாகப் பிரித்துக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். தேவைப்படும்போது ஒரு பையை எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் வெளியே விட வேண்டும். குளிரோடு திறந்தால் குசினிக் காற்றின் ஈரம் மாவில் படிந்து, நாம் ஊரிலே தப்பிய பிழை அங்கே வந்து சேரும்.

பூஞ்சணம் பிடித்த மாவை வெயிலில் காயவைத்துத் திரும்ப வறுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. சில பூஞ்சணம் விடும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் வறுத்த மா

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோன வறுத்த மா இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் சரி. பாகில் குழைத்துப் பொரிக்கும் அரியதரத்துக்குச் சரிவராது. அரியதரத்துக்கு வேண்டியது ஊறவைத்து இடித்த ஈரமா, வறுக்காதது. அந்த ஈரம்தான் பாகைப் பிடித்துக்கொள்ளும். வறுத்த மாவிலோ கடைக் காய்ந்த மாவிலோ பாகை ஊற்றிக் குழைத்தால், எண்ணெய்க்குள் போனதும் உதிர்ந்து கலைந்துவிடும். தாச்சி எண்ணெய் முழுதும் பழுது.

இந்த ஈரமாவை ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது, வழியிலேயே புளித்துவிடும். அங்கேயே பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டும் ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து அரித்தால் போதும். பெட்டியில் இடமும் மிச்சம். ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள், ஊர் மாதான் வேண்டும் என்பார்கள்.

மண்பானையை இன்டக்சன் அடுப்பில் வைப்பது

சூடாகாது. காந்தம் ஒட்டும் அடி உள்ள பாத்திரம்தான் அதில் வேலை செய்யும்.

ஆடிக்கூழுக்குச் சீனி

அது பாயசம். பனங்கட்டி கிடைக்காவிட்டால் கித்துள் கருப்பட்டி போடுங்கள்.

ஒடியல் மாவை அப்படியே கரைப்பது

பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் குடிக்க எல்லோருக்கும் ஆசை. கனடாவில் இருக்கும் ஒரு மருமகன் ஒடியல் மாவைப் பையிலிருந்து நேரே கொதிக்கிற பானைக்குள் கொட்டினார். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட அருமையான கூழ். கசப்பில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை. ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசப்புப் போகும்வரை புதுத் தண்ணீர் விட்டுத் திரும்பவும் அப்படியே. கடைசியில் அடியில் நிற்கும் குழம்பைத்தான் கூழில் கரைப்பது.

இன்னொன்று, பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புழுக்கொடியல் மா தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் குழைத்துத் தின்ன நல்லது, கூழுக்கு அல்ல.

பொங்காத பொங்கல்

தை முதலாம் நாள் வேலைநாளாக வந்தால் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில்தான் வரும். அதை ஞாயிறுக்கு மாற்றுங்கள் என்று இங்கே ஒருவரும் கேட்டதில்லை, லீவு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். லண்டனில் தை மாதச் சூரியன் எட்டு மணியளவில்தான் எழும்பும், அதற்குள் பாதிப்பேர் ரயிலில் இருப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். அன்று காலை சின்னப் பாத்திரத்தில் ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கிப் படைத்துவிட்டுப் போங்கள். பெரிய பானையும் விருந்தும் சனிக்கிழமை.

நாள் தள்ளுவதைவிட எனக்குச் சகிக்காதது, பால் பொங்கி வழியாமல் நெருப்பைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது. கண்ணாடி அடுப்புப் பழுதாகிவிடுமாம். அடுப்பைப் பற்றி அவ்வளவு கவலை என்றால் கொல்லையில் வைத்துப் பொங்குங்கள். ஆனால் கையடக்க காஸ் அடுப்பை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிறிய குப்பிகளில் பெரும்பாலும் பியூட்டேன்தான் இருக்கும். வெளியே பூச்சியப் பாகைக்குக் கிட்டப் போனால் அது வாயுவாக மாறாது, நெருப்புச் சாகும். ரொறன்ரோவில் பனிக்குள் கோலம் போட்டு, கரும்பு நட்டு, பானையும் வைத்தபின் அடுப்பு எரியாமல் நின்ற குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. புரொப்பேனில் எரியும் அடுப்பை எடுங்கள். குளிருது என்று கராஜுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுப் பொங்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

டின் தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றுவது

நீண்ட நேரம் கொதித்தால் திரியும். பாதியைத் தண்ணீரில் கரைத்து இரண்டாம் பாலாக முதலில் விடுங்கள். கட்டிப்பால் இறக்கும்போது.

அம்மா உருக்கிய நெய்ப்போத்தலைப் பெட்டிக்குள் வைப்பது

பிரித்தானியாவுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ இலங்கையிலிருந்து பயணி பால் பொருள் கொண்டுபோக அனுமதி இல்லை. சுங்கத்தில் பிடித்தால் போத்தல் குப்பைக்குத்தான். நெய்யை இங்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அந்த இடத்தில் இன்னொரு கிலோ மா வைக்கலாம்.