பழைய ஐரோப்பிய ஓவியத்துக்குப் பொருள் காண்பது எப்படி? ஹோல்பைனின் ‘தூதர்கள்’ வழியே ஒரு செய்முறை

மறுமலர்ச்சிக்கால ஓவியங்களுக்கும், அதையடுத்து வந்த பரோக் பாணி ஓவியங்களுக்கும் பொருள் தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் எடுப்பது குறியீட்டுப் பட்டியலைத்தான்: நாய் என்றால் விசுவாசம், வெள்ளை லில்லி என்றால் மரியாளின் தூய்மை. பட்டியல் வேண்டியதுதான், ஆனால் அதைக் கடைசியில் எடுங்கள். ஒரே ஓவியத்தை வைத்துப் பழகலாம். ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அவர்களது இணையதளத்தில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடருங்கள்.

படி 1: கண்ணில் படுவதை எழுதுங்கள்

பொருள் சொல்ல வேண்டாம். பெயர் மட்டும் போதும். இரண்டு ஆண்கள். நடுவே இரண்டு தட்டுள்ள மேசை. மேல்தட்டில் துருக்கி விரிப்பு, விண்கோளம், சூரியக் கடிகாரங்கள். கீழ்த்தட்டில் பூகோள உருண்டை, லூட் என்ற நரம்பு வாத்தியம், புல்லாங்குழல்கள், திறந்த புத்தகங்கள். தரையில் சாய்வாக ஏதோ ஒன்று நீண்டு கிடக்கிறது. அது என்னவென்று தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

படி 2: யார், எப்போது?

இடப்பக்கம் நிற்பவர் ஜான் டி டின்டெவில், இங்கிலாந்துக்கு வந்திருந்த பிரெஞ்சுத் தூதர். வலப்பக்கம் அவருடைய நண்பர், ஆயர் ஜார்ஜ் டி செல்வ். டின்டெவிலின் குத்துவாள் உறையில் 29, ஆயரின் முழங்கைக்குக் கீழுள்ள புத்தகத்தின் ஓரத்தில் 25 என்று அவர்களுடைய வயதையே ஹோல்பைன் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டில்தான் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ஆன் போலினை அரசியாக்கி, ரோமில் உள்ள போப்பின் திருச்சபையுடன் உறவை முறித்துக்கொண்டிருந்தார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று ஐரோப்பாவே பிளந்துகொண்டிருந்தது.

படி 3: இயல்புக்கு மாறானதைத் தேடுங்கள்

லூட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு தந்தி அறுந்து சுருண்டிருக்கிறது. அருகிலேயே, புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூதரின் துதிப்பாடல் புத்தகம் திறந்திருக்கிறது. அதுவும் ஒரு கத்தோலிக்க ஆயர் நிற்கும் படத்தில்! இடப்பக்கம் ஒரு கணக்குப் புத்தகம், வகுத்தல் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. அறுந்த தந்தியை மட்டும் பார்த்து ‘இது பிளவின் அடையாளம்’ என்றால் அது வெறும் ஊகம். துதிப்பாடலும் வகுத்தலும் பக்கத்தில் சேரும்போதுதான் அந்த வாசிப்புக்கு வலு வருகிறது. ஒரு பொருளுக்கு அர்த்தம் தருவது அதன் அக்கம்பக்கம். இந்தப் படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

படி 4: நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

தரையில் கிடந்த அந்த மர்மப் பொருளுக்கு வருவோம். திரையின் வலது ஓரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ச் சாய்வாகப் பாருங்கள். மண்டை ஓடு! அது உருப்பெறும்போது தூதர்கள் இருவரும் உருக்குலைந்துபோகிறார்கள். அவர்களுடைய செல்வமும் கல்வியும் நேர்ப்பார்வைக்கு, மரணம் பக்கப்பார்வைக்கு. இனி இடது மேல்மூலையைப் பாருங்கள்: பச்சைத் திரைக்குப் பின்னால், பாதி மறைந்தபடி சிலுவையில் கிறிஸ்து. அழிவும் மீட்பும் எதிரெதிர் ஓரங்களில். ஓவியத்தின் மையச் சரடு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

படி 5: இப்போது பட்டியல்

வேலும் மயிலும் கண்டால் முருகன் என்று அறிகிறோமே, கிறிஸ்தவப் புனிதர்களை அறியவும் அதே முறைதான். சாவி இருந்தால் பேதுரு, முள் சக்கரம் இருந்தால் கத்தரீன், சிங்கம் இருந்தால் பெரும்பாலும் ஜெரோம்.

படி 6: பரோக் என்றால் ஒளியைக் கேளுங்கள்

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் உள்ள கரவாஜ்ஜியோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’ 1600இல் முடிந்தது. வரி வசூலிப்பவரான மத்தேயுவைக் கிறிஸ்து தம் சீடராக அழைக்கும் காட்சி அது. அதில் பொருள்கள் குறைவு, ஒளிதான் பேசுகிறது. வலப்புறமிருந்து கிறிஸ்துவோடு சேர்ந்தே அது இருட்டறைக்குள் நுழைகிறது. அவருடைய நீட்டிய கை, சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையை ஒத்திருக்கிறது. மேசையில் இருப்பவர்களில் மத்தேயு யார்? விரல் நீட்டும் தாடிக்காரரா, தலைகுனிந்து காசு எண்ணும் இளைஞனா? அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. முதல் படியிலிருந்து தொடங்கி, உங்கள் முடிவையும் அதற்குப் படத்திலேயே உள்ள காரணங்களையும் எழுதிப் பாருங்கள்.