சீனாவில் வரைபடப் புள்ளி தள்ளி விழுந்தால்

சீன நகரமான ஷிஆனில் குடும்பத்தோடு வெளியே சாப்பிடக் கிளம்பினால் இதே தொல்லை. தெரிந்தவர் அனுப்பிய ஜிபிஎஸ் எண்களை (அட்சரேகை, தீர்க்கரேகை)க் கைபேசி வரைபடத்தில் போட்டுப் போனால், உணவகம் இருக்க வேண்டிய இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர்தான் நிற்கும்.

ஜிபிஎஸ்ஸை அணைத்துப் போட்டேன், திசைகாட்டியைச் சரிசெய்தேன், விபிஎன்னை மாற்றினேன், செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

துப்பு கிடைத்தது செயற்கைக்கோள் படத்தில். சாலைக் கோடுகள் கட்டடக் கூரைகள் மேல் ஓடின. மிங் காலத்து நகர மதில் நேராக இருப்பதால், அதை ஒட்டிய சாலையில் விலகல் பளிச்சென்று தெரிந்தது. எல்லாக் கோடும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே தூரம். சிக்னல் கோளாறு இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற உலகப் பொது முறையிலான எண்கள். சீனப் பெருநிலத்து வரைபடங்கள் அரசு விதிப்படி ஜிசிஜே-02 முறையில் வரைந்தவை. அதில் இடங்கள் வேண்டுமென்றே சில நூறு மீட்டர் வரை தள்ளப்பட்டிருக்கும். பைடு என்ற சீன வரைபடச் செயலி அதன்மேல் பிடி-09 என்று இன்னொரு தள்ளல் வைக்கிறது. அதனால் ஒரு செயலியின் எண்களை இன்னொன்றில் ஒட்டவே கூடாது.

எண்களை விட்டுவிட்டு, கடைப் பெயரையும் கிளைப் பெயரையும் சீன எழுத்திலேயே நகலெடுத்து காவ்தே என்ற சீன வரைபடச் செயலியில் தேடியதும் நேராக வாசலுக்குக் கொண்டுபோய் விட்டது. சங்கிலி உணவகங்களில் கிளைப் பெயர் விட்டுப்போனால் ஊரின் மறுகோடிக்கு அனுப்பிவிடும்.

எண்கள் மட்டுமே கையில் இருந்தால், இணைய மாற்றியில் ஜிசிஜே-02க்கு மாற்றிவிட்டுக் காவ்தேயில் போடுங்கள். உணவகம் பேரங்காடிக்குள் என்றால் முகவரியில் மாடி எண்ணையும் பாருங்கள். பி1 என்றால் தரைக்குக் கீழே.