விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு: விர்ச்சுவல்பாக்ஸில் நிறுவுவது எப்படி?

லினக்ஸ் பழக ஆசை, ஆனால் இருக்கிற விண்டோஸுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தயக்கமா? ஆரக்கிள் இலவசமாகத் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் உங்களுக்கானது. விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போலியாக உருவாக்கித் தரும் மென்பொருள் அது; அதற்குள் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை நிறுவப் போகிறோம். இன்டெல் அல்லது ஏஎம்டி ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 40 ஜிபி காலி இடம் இருந்தால் தாராளமாக முயலலாம்.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்குங்கள். 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் இயக்குங்கள். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருக்கும்.

1. விர்ச்சுவல்பாக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். உபுண்டு 24.04-இன் ஐஎஸ்ஓ கோப்பையும் (முழு நிறுவல் வட்டும் ஒரே கோப்பாக) இறக்குங்கள். ஏறக்குறைய 6 ஜிபி வரும், மொபைல் டேட்டாவில் வேண்டாம்.

2. 'நியூ' அழுத்தி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். அதே திரையில் 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' (உங்களைக் கேட்காமல் தானே நிறுவிக்கொள்வது) என்றொரு வசதி இருக்கும். அது வேண்டாம். பதிப்பைப் பொறுத்து 'ஸ்கிப்' பெட்டியை டிக் செய்யுங்கள், அல்லது 'ப்ரொசீட்' பெட்டியின் டிக்கை எடுங்கள். விட்டுவிட்டால் 'விபாக்ஸ்யூசர்' என்ற பயனரை அதுவே உருவாக்கிவிடும். அந்தப் பயனருக்கு சூடோ அனுமதி, அதாவது நிர்வாகியாகக் கட்டளை இடும் உரிமை, இருக்காது. புதியவர்கள் பலர் திணறும் இடம் இதுதான்.

3. ரேம் 4096 எம்பி, சிபியு 2, டிஸ்க் 25 ஜிபி. இந்த 25 ஜிபியும் உடனே போய்விடாது. உள்ளே சேரச் சேரத்தான் கோப்பு வளரும்.

4. 'ஸ்டார்ட்' அழுத்தி, உபுண்டு கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு' என்று வரும். பயப்படாமல் அதையே தேர்ந்தெடுங்கள். உபுண்டுவின் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் உருவாக்கிய அந்த 25 ஜிபி மட்டும்தான். விண்டோஸைப் பொறுத்தவரை அது 'விடிஐ' என்று முடியும் ஒரு சாதாரணக் கோப்பு. உங்கள் படங்கள், ஆவணங்கள் எதையும் அது தொடாது. ஆனால் இதே வரி பென்டிரைவிலிருந்து நேரடியாக நிறுவும்போது வந்தால், அது நிஜ டிஸ்க்கைத்தான் துடைக்கும்.

5. உள்ளே நுழைந்ததும் திரை சின்னதாகத் தெரிந்தால், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) ஜிசிசி (gcc), மேக் (make), பேர்ல் (perl), பிசிப்2 (bzip2) நான்கையும் நிறுவுங்கள். பிறகு 'டிவைசஸ்' மெனுவில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' சிடியைச் (நிஜ சிடி அல்ல, திரையைச் சரிசெய்யும் துணை மென்பொருள்) செருகி, இயக்கி, உபுண்டுவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசை விடுவிக்கும்.

6. எல்லாம் சரியாக ஓடுகிறதா? கையோடு விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு 'ஸ்னாப்ஷாட்' (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிடுங்கள். அப்புறம் உபுண்டுவுக்குள் கோப்புகளை அழித்துப் பாருங்கள், செட்டிங்ஸைக் கலைத்துப் பாருங்கள். கெட்டுப்போனால் அந்த உபுண்டு மெஷினை அணைத்துவிட்டு 'ரீஸ்டோர்' கொடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்தபோது இருந்தபடியே திரும்பிவிடும்.